மூன்றாம் மேசைக்காரர்

தட்டில் கிடந்த கடைசி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அக்கா மகன் சொன்னான்: "மாமா, இப்பல்லாம் யாரு ஆள் வெச்சு வேவு பாக்குறா? அவனவன் தன் வேவுகாரனைத் தானே காசு குடுத்து வாங்கிப் பாக்கெட்ல வெச்சிருக்கான்." சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த போனைக் கண்ணால் காட்டினான். சிரித்தோம். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ஆனால் படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் தெரியாமல் பேசுகிறவன் இல்லை. ரங்கூனில் நாலு வருஷம் போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தவன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தக் கடைக்கு உடைந்த திரையை மாற்ற வந்தவர்களைவிட வேறு வேலையாக வந்தவர்கள்தான் அவன் நினைவில் இருக்கிறார்கள். பேஸ்புக்கை எப்படி ஒளித்துவைப்பது, தடையைத் தாண்டி இணையத்துக்குப் போகிற வி.பி.என். இருந்த தடயம் தெரியாமல் எப்படி எடுப்பது, பஸ் ஏறுவதற்கு முன்னால் எந்தப் படங்களை அழிப்பது என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்களாம். 2010-ல் எழுதிக் கிடப்பில் போட்டிருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் தூசி தட்டி எடுத்தார்கள் இல்லையா, 18-லிருந்து 35 வயது வரை உள்ள ஆண்களெல்லாம் என்று, அதோடு அவன் கிளம்பி வந்துவிட்டான். இப்போது என்னோடு இருக்கிறான். எங்கே என்று எழுதப் போவதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவர் பெயரையும் எழுத மாட்டேன்.

அப்பாவின் கடை

அப்பா வைத்திருந்தது லாபேயே கடை, பர்மியத் தேநீர்க் கடை. குட்டை மேசைகள், அதைவிடக் குட்டையான ஸ்டூல்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளாஸ்க் வெறும் தேநீர், கவிழ்த்துவைத்த சின்னக் கோப்பைகள். பையன்களைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்புவார்கள். இந்தியாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைக் கேட்டுப் பதறிப்போனது எங்கள் வீட்டில் வெகுகாலம் ஓடிய ஜோக். காலையில் பூரியும் பட்டாணியும், சாயங்காலம் சமூசா. தெருவில் பாதி தமிழர்கள், மீதி பர்மியர்கள், சீனர்கள், சூரத்தி முஸ்லிம்கள்.

தெருவைப் பார்த்த வரிசையில் மூன்றாவது மேசை அவருடையது. காலை ஏழரைக்கு வருவார். ஒரு கிளாஸ் பால் தேநீர். அது ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு மூன்று மணி நேரம் பிளாஸ்கில் இருக்கிற வெறும் தேநீர்தான், அதற்குக் காசு இல்லை. அரசாங்கப் பத்திரிகையை விரித்து வைத்திருப்பார். பக்கம் புரட்டி நான் பார்த்ததில்லை. தூணில் கயிற்றில் தொங்கும் லைட்டரில் சுருட்டுப் பற்றவைக்க எழுந்து போகும்போது மட்டும் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். எங்கள் ஆள்தான். தமிழர். கோவிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பார். அம்மா "அண்ணே" என்பார். நாங்கள் "மாமா" என்போம். வீட்டுக்குள் மட்டும் அவருக்குப் பெயர் "மூணாம் மேசை".

அவர் எம்.ஐ.க்கு, அதாவது ராணுவ உளவுத்துறைக்கு, தகவல் சொல்கிறவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சினிமாவில் வருகிற ஒற்றன் மாதிரி ஒளிந்து மறைந்து எதுவும் இல்லை. ராணுவ உளவுத்துறை எங்கள் தெருவுக்குள் வர வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஒரு காது வேண்டும், அந்தக் காது இவர். அவர் இருக்கும்போது கடையில் ராத்திரி கேட்ட பி.பி.சி. பர்மியச் செய்தியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்களுக்கு அ, ஆ மாதிரி சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அதே சமயம், மேலிடத்துக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டுமென்றால் அவர் காதில் விழுகிற மாதிரி பேசினால் போதும். கோவில் திருவிழாவுக்கு அனுமதி இழுத்தடித்த ஒரு வருஷம், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து சத்தமாக அலுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் அனுமதி வந்தது. அவரால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு ஜோடிச் செருப்பு

1996 டிசம்பர். ரங்கூனில் லெடான் முனையில் மாணவர்கள் உட்கார்ந்து போராட்டம் நடத்தி, அடித்துக் கலைத்த வாரம். அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களை இழுத்து மூடியவர்கள் 2000-ல்தான் திறந்தார்கள். அத்தை மகன், எனக்கு அத்தான், அங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். "வேடிக்கை பார்க்கத்தான் போனேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் மாடியில் படுத்திருந்தார். வார்டு ஆபீஸில் விருந்தாளிக் கணக்கில் பேர் எழுதவில்லை. வெளியூர் ஆள் ஒரு ராத்திரி தங்கினாலும் எழுத வேண்டும் என்பது வெள்ளைக்காரன் 1907-ல் போட்ட சட்டங்களிலேயே இருந்தது. 2016 வரை வந்த எந்த அரசாங்கமும் அதைக் கைவிட மனசு வைக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மூன்றாம் நாள் நடு ராத்திரி கதவு தட்டினார்கள். நாலு பேர், மூன்று டார்ச். முதல் வெளிச்சம் முகத்தில் விழவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளின் மேல் விழுந்தது. ஒருத்தர் குனிந்து எண்ணினார். ஆறு ஜோடி. குடும்ப லிஸ்டில் அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, நான். ஐந்து பேர். ஆறாவது ஜோடி, இடது கால் வார் அறுந்து நூலால் கட்டின வெல்வெட் செருப்பு, இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்போதுதான் நாலாவது ஆள் வெளிச்சத்துக்குள் வந்தார். மூணாம் மேசை.

பர்மிய மொழியில், சலிப்பாக, தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்களே என்கிற மாதிரி சொன்னார்: "இது அவர் தங்கச்சி பையன். தாத்தா திதிக்கு வந்திருக்கான். முந்தாநாளே என்கிட்ட சொன்னாங்க. எழுதாம விட்டது என் தப்பு." டார்ச்சுகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அவ்வளவுதான். படி இறங்கிப் போனார்கள். திதியும் இல்லை, யாரும் யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மா பூஜை அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டார். "அந்த அண்ணன் மட்டும் இல்லேன்னா" என்று அழுதார். அப்பா விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அவங்க இங்க வரணும்னு யாரு சொல்லியிருப்பான்னு நெனக்கிற?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். அவரே சொல்லி, அவரே கூட்டிக்கொண்டு வந்து, அவரே காப்பாற்றினாரா? காலையில் தெருவைப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு எங்கள் வாசலில் கிடந்த ஆறாவது ஜோடி தப்பியிருக்காது. அல்லது வேறு யாரோ சொல்லி, இவர் மனசு கேட்காமல் பொய் சொன்னாரா? இரண்டுக்கும் சாட்சி இல்லை. அத்தான் விடியுமுன் போய்விட்டார். சில மாதத்தில் தாய்லாந்து எல்லை தாண்டி மேசோட் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. நாங்கள் அன்றிலிருந்து செருப்பை வீட்டுக்குள் விடுகிறோம். இந்த ஊரில், யாரும் எண்ணாத இந்த வாசலிலும், நான் உள்ளேதான் விடுகிறேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் வழக்கம்போல வந்தார். அப்பா பால் தேநீரைத் தன் கையால் கொண்டுபோய் வைத்தார். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் வாங்கவில்லை. அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம், அப்பா அந்த மேசையில் உட்காரத் தொடங்கினார். மூணாம் மேசை எதையும் கேட்க மாட்டார். பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அந்த "அப்புறம்"க்கு அப்பா ஏதாவது சொல்வார். அரிசி விலை, யாரோ கடையை விற்கப் போகிறார்கள், யார் வீட்டில் கல்யாணம். ஒரு தடவை, சுருட்டுக் கடைக்காரர் மகன் கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லையே என்று பேச்சு வந்தது. அடுத்த வாரம் சுருட்டுக் கடைக்காரர் வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்பா அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார். "எல்லாரும்தான் பேசுறாங்க" என்றார் அம்மா. அப்பா அதற்கும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தது அப்பாவா, மூணாம் மேசையா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியம் வந்த வயதில் அப்பா இல்லை.

எந்திரத்துக்குத் தெரிந்ததும் தெரியாததும்

மருமகன் சொல்வதில் பாதி சரி. பழைய பாணி ஒற்றன் ஒருவன் நிஜமாகவே செத்துவிட்டான். 1940-ல் சுசுகி கெய்ஜி என்கிற ஜப்பானிய ராணுவ அதிகாரி, மினாமி மசுயோ என்று பேர் மாற்றிக்கொண்டு, பத்திரிகை நிருபராக ரங்கூனில் வந்து இறங்கினார். அவர் சேர்த்த முப்பது பர்மிய இளைஞர்களில் ஒருவர், பின்னால் பர்மிய விடுதலைக்குத் தலைமை தாங்கிய ஆங் சான். பர்மாவின் தலையெழுத்தையே மாற்றின உளவு அது. இன்று அவர் விமான நிலையத்தைத் தாண்ட மாட்டார். விரல் ரேகை, முக அடையாளம், பத்து வருஷத்துப் பேஸ்புக் படம் எல்லாம் சேர்ந்து கவுன்ட்டரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பொய்ப் பேரும் ஒட்டு மீசையும் வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போகிற காலம் முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூணாம் மேசைக்குப் பொய்ப் பேர் எதற்கு? அவர் அந்தத் தெருவிலேயே பிறந்தவர்.

எந்திரம் எல்லாவற்றையும் கேட்கும். கேட்டது என்னவென்று அதற்குப் புரிய வேண்டாமா? 2017-ல் பேஸ்புக் "கலா" என்கிற சொல்லைத் தடுத்தது. நம்மை, இந்திய முகத்தை, இளக்காரமாகச் சொல்லும் சொல்தான். தடுத்த நோக்கம் நல்லதுதான். ஆனால் பர்மிய மொழியில் கடலைப்பருப்பு "கலாபே", நாற்காலி "கலாடைங்". பருப்பைப் பற்றி எழுதினவர்களும் நாற்காலியைப் பற்றி எழுதினவர்களும் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கடையில் டம்ளர் கழுவின பையனுக்குக்கூட, யார் எந்தத் தொனியில் "கலா" என்றால் சண்டை, எந்தத் தொனியில் என்றால் பருப்பு ஆர்டர் என்று தெரியும்.

ஆனால் ஆளின் பெருமை இது மட்டும் என்றால், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு எந்திரமும் கற்றுக்கொள்ளும். எனக்கு உறைப்பது வேறு. மூணாம் மேசை எங்களிடமிருந்து எடுத்துப் போனது செய்தியைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை, எங்கள் கடன்பாட்டை. அந்த ராத்திரி அவர் அத்தானைப் பிடித்துக் கொடுத்திருந்தால் ஒரு மாணவன் கிடைத்திருப்பான், ஒரு தடவை. கொடுக்காததால் ஒரு தேநீர்க் கடைக்காரர் எட்டு வருஷம் கிடைத்தார். போன் நம்மைக் காட்டிக்கொடுக்கும். நம்மைக் காப்பாற்றிவிட்டு, அதைச் சொல்லிக்காட்டாமல், தினமும் "அப்புறம்?" என்று கேட்க அதற்குத் தெரியாது.

இதை அரசாங்கம் மறந்தபோதெல்லாம் அதன் கண் அவிந்திருக்கிறது. 1983 மே மாதம் உளவுத்துறையைக் கையில் வைத்திருந்த டின் ஊவைக் கவிழ்த்து, அவர் ஆட்களையும் வாரிக் கொட்டினார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி தியாகிகள் நினைவிடத்தில் வட கொரிய ஆட்கள் குண்டு வைத்தார்கள். தென் கொரிய அமைச்சர்கள் உட்பட 21 பேர் போனார்கள். தலைநகரத்தின் நடுவில், மூன்று அந்நியர்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. குண்டு வைத்தவர்கள் தப்பி ஓடும்போது ஆற்றோரத்து மக்கள் கண்ணில் பட்டுத்தான் மாட்டினார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. அப்புறம் 2004 அக்டோபரில் உளவுத்துறைத் தலைவர் கின் ஞுன்ட்டைக் கவிழ்த்து எம்.ஐ.யையே கலைத்தார்கள். 2007 செப்டம்பரில் பிக்குகள் தெருவில் இறங்கியபோது மேலே இருந்தவர்கள் திகைத்து நின்றதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. விடுதலையான பிறகு கின் ஞுன்ட் தன் வீட்டு வளாகத்தில் ஓவியக் கூடமும் காபிக் கடையும் திறந்தார். நாட்டையே தேநீர்க் கடைகள் வழியாக ஒட்டுக் கேட்டவர் கடைசியில் காபி விற்றார். இதற்குமேல் கற்பனை செய்ய எனக்குத் திறமை இல்லை.

வெளியுலகத்திலும் அப்படித்தான் படுகிறது. பின் லேடன் இருந்த வீட்டில் போனும் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. அவருக்குக் கடிதம் சுமந்த ஆளைப் பின்தொடர்ந்துதான் 2011-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் லெபனானில் பேஜர்கள் வெடித்தன. போன் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து பேஜருக்கு மாறியிருந்த ஹிஸ்புல்லாக்காரர்களின் பேஜர்கள் அவை. வெடி ஒளித்துவைத்த அந்தப் பேஜரைக் கம்பெனி முகத்தோடு, சிரித்து, விலை பேசி விற்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

2021-க்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. "தலான்" என்கிற சொல், காட்டிக்கொடுப்பவன், திடீரென்று எல்லார் வாயிலும் வந்தது. 2016-ல் எடுத்துவிட்டிருந்த விருந்தாளிக் கணக்கை ஆட்சியைப் பிடித்த இரண்டே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கேமரா இருந்தது, டெலிபோன் கம்பெனிகள் கையில் இருந்தன, இருந்தும் அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வார்டு ஆளும் செருப்பு எண்ணுகிறவனும்தான். மறுபக்கம், தலான் என்று யார் யாருடைய படங்களையோ பேஸ்புக்கில் போட்டார்கள். சிலர் கொல்லப்பட்டார்கள். வள்ளுவர் ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்றார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல் ஒத்துப்போனால் மட்டும் நம்பு என்றார். எங்கள் தெருக்களில் ஒரு போட்டோவும் ஒரு வரியும் போதுமானதாக இருந்தது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாம் மேசையில், பத்திரிகைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பாதான் ஞாபகம் வருவார். யாராவது அன்றைக்கு அந்தக் காட்சியைப் படம் எடுத்திருந்தால்?

பேர் எழுதிய நாள்

2004-ல் எம்.ஐ. கலைந்த மறுவாரம் அவர் கடைக்கு வந்தார். அதே ஏழரை, அதே மேசை. அப்பா தேநீரைப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். அவர் எழுந்தபோது பையன் காசு கேட்டான். அப்பா சொல்லித்தான் கேட்டான். அவர் கல்லாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், கொடுத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. "அப்புறம்?" மட்டும் நின்றுபோனது.

2015-ல் அப்பா இறந்தார். பதினாறாம் நாளுக்கு தாட்டோனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். 2012-ல் கறுப்புப் பட்டியலிலிருந்து 2,082 பேரை நீக்கி, போனவர்கள் திரும்பலாம் என்று ஆன பிறகு அத்தானும் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அன்று அவரும் இருந்தார், தலை நரைத்து, மூக்குக் கண்ணாடியோடு. அக்கா மோல்மேனிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் மூணாம் மேசை வந்தார். கை நடுக்கம் வந்திருந்தது. அப்பா படத்துக்குப் பூ போட்டுவிட்டு, வாசல் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி தங்குறவங்க பேரெல்லாம் எழுதிட்டீங்களா தம்பி?"

எழுதவில்லை. அந்த வருஷம் சட்டம் இருந்தது, ஆனால் யாரும் அவ்வளவு கெடுபிடி செய்யவில்லை. அவர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பர்மிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பேர், அப்பா பேர், ஊர். பெரியப்பா, சித்தி, அவர் மருமகள்கள். பதினான்கு பேர். பிழை இல்லாமல் எழுதினார், நான் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தானிடம் வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அத்தானும் பார்த்தார்.

"இந்தப் பேரை அன்னிக்கே எழுதியிருக்கணும்" என்றார். எழுதினார்.

அத்தான் எதுவும் சொல்லாமல் இலை போட்டிருந்த பக்கம் நடந்தார். மூலையில் புதுசாக வாங்கின போனைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அக்கா மகனை ஒரு பார்வை பார்த்தார் மூணாம் மேசை. பதினைந்து வயது. அவன் நிமிரவே இல்லை. பதினைந்தாவது வரியில் அவன் பேரையும் எழுதிவிட்டு, தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.